மூன்றாம் வரிசைக் காலமானவர்

எங்கள் ஊர் சங்கீத விழாவைப் பற்றி வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் நாங்கள் முதலில் சொல்வது அதன் வரலாற்றை. இரண்டாவதாகச் சொல்வதும் வரலாற்றைத்தான். மூன்றாவதாகச் சங்கீதத்தைப் பற்றிச் சொல்லலாமே என்று வாயைத் திறப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார்.

விழாவை ஆரம்பித்தவர் ஒரு அச்சாபீஸ் முதலாளி. முதல் வருஷம் முன்வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். அடுத்த விழாவுக்கு முந்தின வாரம் காலமாகிவிட்டார். மரியாதைக்காக அந்த நாற்காலியைக் காலியாக விட்டார்கள். நல்ல மனசோடு செய்த காரியம்தான், அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கடுத்த வருஷம் அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று கமிட்டி கூடியது. ஒவ்வொருவரும் தானே பொருத்தம் என்று மனசுக்குள் நினைத்ததால், யாருமே உட்கார வேண்டாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

பிறகு அச்சாபீஸ் முதலாளியின் கூட்டாளி போனார். "அவருக்கு நாற்காலி, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தரையா?" என்று அவருடைய மனைவி வந்து கேட்டாள். நியாயமான கேள்வி. பக்கத்து நாற்காலியும் காலியாயிற்று. உபதலைவர் போனபோது அவருக்கு இரண்டு நாற்காலி விட்டார்கள், ஏனென்றால் அவர் பூசினாற்போன்ற உடம்பு. மின்விசிறி வாங்கிக் கொடுத்தவருக்கு அந்த விசிறிக்கு நேர் கீழே இடம். கமிட்டியோடு சண்டை போட்டு ராஜினாமா செய்தவர் கோபத்தோடேயே கண்ணை மூடினார். அவருடைய ராஜினாமாவையும் மதிக்க வேண்டும் என்று அவர் நாற்காலியை மேடைக்கு முதுகு காட்டி வைத்தார்கள்.

இப்படியே ஒவ்வொரு வரிசையாகக் காலமானவர்கள் முன்னேறி, உயிரோடிருப்பவர்கள் பின்வாங்கினார்கள். கடைசி வரிசைக்குப் போனார்கள். அங்கிருந்து நடைக்கு, நடையிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து தெருவுக்கு. தெருவில் நிற்பவர்களுக்காக ஒலிபெருக்கி கட்டினார்கள். ஐந்தாம் வரிசைக் காலமானவர் ஒருவருக்கு உயிரோடிருந்தபோது ஒலிபெருக்கி என்றாலே ஆகாது என்று யாரோ ஞாபகப்படுத்த, அதையும் கழற்றிவிட்டார்கள். டிக்கெட் விற்பது மட்டும் நிற்கவில்லை. 'அரங்கத்தின் வாசல் வரை செல்லும்' என்று அதில் ஒழுங்காக அச்சடித்திருப்பார்கள். ஏமாற்றினார்கள் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசமுடியாது.

இந்த லட்சணத்தில் இருந்த விழாவில்தான், அரங்கத்துக்கு எதிரே மெத்தைக்கடை வைத்திருந்தவரின் மனைவிக்குப் பாட வாய்ப்பு வந்தது.

கடை மாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவள் அவள். ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். குரல் எப்படி என்று கேட்டால், மெத்தை வாங்க வந்தவர்கள் விலை பேசுவதை மறந்து மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அப்படி. ஆனால் மேடை ஏறியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு போட்டியில் பாடினாள். நடுவர்கள் குனிந்த தலை நிமிராமல் மார்க் போட்டுக்கொண்டே இருந்தார்கள். யாருக்குப் பாடுகிறோம் என்றே தெரியாமல் பாதியில் குரல் நின்றுவிட்டது. இறங்கி வந்தவள் அதற்கப்புறம் எந்த மேடைப்பக்கமும் திரும்பவில்லை.

மெத்தைக்கடைக்காரருக்குச் சங்கீதத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. ஆனால் தலையாட்டுவார். அவள் பாடினாலும் ஆட்டுவார், தண்ணீர் மோட்டார் ஓடினாலும் ஆட்டுவார். ரசனை என்று அதற்குப் பெயர் சொல்லமுடியாது. ஆனால் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு பாடினால் அவளுக்கு அடுத்த வரி தானாக வந்தது.

"நான் பாடறேன்," என்றாள் அவள். "ஆனா நீங்க உள்ள உக்காரணும். எனக்கு நேரா. ஒரு தலை ஆடினா போதும், சமாளிச்சிடுவேன். இந்தத் தடவையும் பாதியில நின்னுச்சுன்னா, சத்தியமா சொல்றேன், மாடியிலகூடப் பாடமாட்டேன்."

"இவ்வளவுதானே? என் பொண்டாட்டி பாடறா, எனக்கு ஒரு சீட் குடுக்கமாட்டாங்களா?" என்றார் மெத்தைக்கடைக்காரர். உலகம் தெரியாத மனுஷன்.

விழா ஆபீஸ் அரங்கத்தின் பக்கவாட்டு அறையில் இருந்தது. சுவர் முழுக்கப் படங்கள். அத்தனை பேரும் அவரையே முறைத்தார்கள். செயலாளர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மரணத்தைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேசிப் பழகியவர்.

"சார், என் மனைவி இந்த வருஷம் பாடறாங்க. எனக்கு உள்ள ஒரு சீட் வேணும்."

"ரொம்ப சந்தோஷம். உக்காருங்க. எப்ப தவறினீங்க?"

"நானா? நான் தவறலயே சார்."

செயலாளரின் பேனா நின்றது. "அப்ப சீட் எதுக்கு?"

"பாட்டு கேக்க."

செயலாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. உயிரோட இருக்கிற ரசிகர்களையும் நாங்க வெச்சுப் பாத்துட்டோம். இருமுவாங்க. பாதியில எழுந்து போவாங்க. உருக்கமா ஒருத்தர் பாடிட்டு இருக்கும்போது பக்கத்து ஆள்கிட்ட வீட்டு வாடகை பேசுவாங்க. எங்க காலமானவங்க மேல அப்படி ஒரு புகார் சொல்லுங்க பாக்கலாம்? விழா தொடங்கின நாள்லேருந்து ஒருத்தராவது பாதியில எழுந்து போயிருக்காரா? இப்படிப்பட்ட சபை எந்த ஊர்ல சார் இருக்கு?"

எந்த ஊரிலும் இல்லை என்று மெத்தைக்கடைக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"வேணும்னா ஒண்ணு செய்யலாம்," என்று செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "கடைசி வரிசையில ரெண்டு இடம் இருக்கு, சேர்ந்தாப்ல. தூணுக்குப் பின்னாடி. மேடை தெரியாது, ஆனா அப்ப உங்களுக்கு அது ஒரு குறையா இருக்காது. இப்பவே எழுதி வெச்சுக்கறேன். உத்தேசமா எப்ப தேவைப்படும்னு மட்டும் சொல்லுங்க."

மெத்தைக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலில் ஒரு பெரியவர் அரங்கத்தின் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டராக இருந்தவர். ஊரில் அவரைக் 'காலமானவர்' என்றுதான் சொல்வார்கள். அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அவர் கதை இதுதான். ஒரு காலத்தில் கமிட்டியில் துணைச் செயலாளராக இருந்தார். வெளிநாட்டில் இருந்த மகள் வீட்டுக்குப் போய் நெடுநாள் தங்கிவிட்டார். தகவல் இல்லை. யாரோ எங்கேயோ என்னமோ சொன்னார்கள். கமிட்டி அவசரமாகக் கூடி இரங்கல் தீர்மானம் போட்டு, மூன்றாம் வரிசையில் நாற்காலி ஒதுக்கி, படத்தையும் மாட்டிவிட்டது. அவர் திரும்பி வந்து கமிட்டி முன்னால் நின்றார்.

விழாத் தலைவர் சர்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்துதான் பேசுவார். விழாவின் வரலாற்றை எழுதுவதும் அவரே. "டாக்டர், உங்க வார்த்தைய நாங்க சந்தேகப்படல," என்றார் அன்று. "நீங்க இருக்கீங்கன்னு கண்ணுக்கே தெரியுது. ஆனா வரலாற்றுல ஏறியாச்சு. தீர்மானத்த ரத்து பண்ணணும்னா உறுப்பினர்கள்ல முக்கால்வாசிப் பேர் கை தூக்கணும். நம்ம உறுப்பினர்கள்ல முக்கால்வாசிப் பேர் இப்ப கை தூக்கற நெலமையில இல்ல. இன்னொண்ணு. உங்களுக்காக நாங்க எல்லாரும் எழுந்து நின்னு மௌனம் அனுசரிச்சோம். எனக்கு அன்னிக்கு முட்டி வலி. அதையெல்லாம் இப்ப வீண்னு சொல்லச் சொல்றீங்களா?"

டாக்டர் தலைவரின் முட்டி இப்போது எப்படி என்று விசாரித்துவிட்டு வெளியே வந்தார். அன்றிலிருந்து வருஷாவருஷம் வாசலில் நின்று தன் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போவார்.

"அதோ, மூணாவது வரிசை, மேடைக்கு நேரா. அதான் நான்," என்று மெத்தைக்கடைக்காரருக்குக் காட்டினார். "நல்ல இடம். உக்காந்துதான் பாத்ததில்ல."

இந்த நிலைமையில், அந்த வருஷ விழாவுக்குத் தலைநகரத்திலிருந்து கலைத்துறை இயக்குநர் சிறப்பு விருந்தினராக வருவதாகச் செய்தி வந்தது. கூடவே அவருடைய ஆபீஸிலிருந்து ஒரு வேண்டுகோள்: இயக்குநருக்குப் போட்டோ முக்கியம், போட்டோவில் அரங்கம் நிரம்பியிருக்க வேண்டும். கமிட்டி உடனே கூடியது. அரங்கம் நிரம்பித்தான் இருக்கிறது, ஆனால் அது கேமராவுக்குத் தெரியாதே.

கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் எழுந்தார். "நம்ம காலமானவங்க யாரையும் எழுப்பப் போறதில்ல. அந்தப் பாவம் என் கையால நடக்காது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிரதிநிதி, அவ்வளவுதான். காலமானவரோட குடும்பம் ஒரு ஆள அனுப்பலாம். அந்த ஆள் காலமானவரா நடந்துக்கணும். கை தட்டக்கூடாது, இருமக்கூடாது, தலையாட்டக்கூடாது. நாம அனுமதிக்கறது அவங்க உடம்ப மட்டும்தான். உயிர வாசல்லயே விட்டுட்டு வரணும்."

பலத்த கைதட்டல்.

ஊரே முண்டியடித்தது. பல வருஷமாகத் தெருவில் கால் கடுக்க நின்றவர்கள் தூரத்துச் சொந்தங்களை எல்லாம் தேடிப் பிடித்தார்கள். காலமானவருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா என்றும் சம்பந்தி வழியில் மாமா என்றும் உறவு முளைத்தது. உபதலைவரின் இரண்டு நாற்காலிக்கும் சேர்த்து அதே பருமனில் ஒருவர் கிடைத்தது கமிட்டிக்குப் பெரிய நிம்மதி.

மெத்தைக்கடைக்காரர் பல் டாக்டர் வீட்டுக்கு ஓடினார்.

"தாராளமா போய் உக்காருங்க," என்றார் டாக்டர். "இந்த ஊர்ல என் குடும்பம்னா இப்ப நான் ஒருத்தன்தான். நானே எழுதித் தரேன். நானே போறேன்னுதான் முதல்ல கேட்டேன். சம்பந்தப்பட்டவரே பிரதிநிதியா வர்றது விதியில இல்லையாம்."

ஒத்திகை நடந்தது. ஆமாம், காலமானவர்களாக உட்காருவதற்கு ஒத்திகை. செயலாளர் வரிசை வரிசையாக நடந்து வந்து ஒவ்வொருவர் தோளையும் அழுத்திப் பார்த்தார். "கண் சிமிட்டலாம், ஆனா அளவா. மூச்சு விடறது வெளிய தெரியக்கூடாது. நீங்க ஏன் சிரிக்கறீங்க? உங்க காலமானவர் உயிரோட இருந்தப்பவே சிரிச்சதில்ல." பிரதிநிதிகள் சளைக்கவில்லை. ஒரே வாரத்தில், பார்த்தால் யாரும் நம்பிவிடும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டது எப்படி என்று செயலாளரே ஆச்சரியப்பட்டார். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான்.

மெத்தைக்கடைக்காரர் மட்டும் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "சார், லேசாத் தலையாட்டலாமா? என் மனைவிக்கு அது தேவைப்படுது. டாக்டர்கூட அந்தக் காலத்துல ஆட்டுவாராம்."

கதவுக்கு வெளியே நின்ற டாக்டர், "ஆமா, நல்லா ஆட்டுவேன்! பாட்டு நல்லா இருந்தா எனக்குத் தலை நிக்காது!" என்று கத்தினார்.

தலைவர் வரலாற்றைப் புரட்டினார். "'பாறைபோல் அசையாது அமர்ந்து ரசித்தவர்.' நானே எழுதினது." கதவைப் பார்த்துச் சொன்னார்: "உயிரோட இருந்தப்ப ஆட்டியிருக்கலாம் டாக்டர். வரலாற்றுல நீங்க ஆட்டல."

மெத்தைக்கடைக்காரர் வீட்டுக்குப் போய் மனைவியிடம், "சீட் கிடைச்சாச்சு, உனக்கு நேரா," என்று மட்டும் சொன்னார். அவள் சந்தோஷத்தில் அன்று மாடியில் வெகு நேரம் பாடினாள். அவர் கீழே மெத்தைகளை அடுக்கியபடியே கழுத்தை விறைப்பாக வைத்துப் பழகினார். முடியவில்லை. அது பாட்டுக்கு ஆடியது.

விழா மாலை வந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. அன்று நடந்ததை ஊர் அறிந்ததெல்லாம் ராஜினாமாக்காரரின் பிரதிநிதி வழியாகத்தான். அவர் ஒருவர்தான் மேடைக்கு முதுகு காட்டி, சபையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்.

முதலில் தலைவர் வரலாற்றை வாசித்தார். யார் எந்த வருஷம் மறைந்தார், எந்த நாற்காலி, ஏன் அந்த நாற்காலி. இயக்குநர் இரண்டு முறை கண் அயர்ந்தார். அவர் விருந்தினர் என்பதால் அதற்கு அனுமதி உண்டு. அப்புறம் போட்டோ எடுத்தார்கள். அதற்கப்புறம், எல்லோருக்கும் மறந்தே போயிருந்த நேரத்தில், பாட்டு.

டீச்சர் மேடைக்கு வந்து கும்பிட்டாள். ஒரு கை தட்டவில்லை. பாட ஆரம்பித்தாள். முதல் பாட்டு நல்லபடியாகத்தான் போயிற்று. முடித்தபோது சபை அப்படியே இருந்தது. கண் இருந்தது, பார்வை இல்லை. வரிசை வரிசையாக, அவள் மாடியில் பாடம் படித்த பிள்ளைகளின் அப்பாக்கள், அம்மாக்கள், மளிகைக்கடைக்காரர், தபால்காரர், எல்லோரும் மார்பில் காலமானவரின் பெயர் அட்டையைக் குத்திக்கொண்டு கல்லாகச் சமைந்திருந்தார்கள்.

இரண்டாவது பாட்டில் அவள் கணவரின் முகத்தைத் தேடிப் பிடித்தாள். மூன்றாம் வரிசை, நேராக. அவர் விறைத்துப்போய் இருந்தார். செயலாளர் அந்த வரிசை ஓரத்திலேயே நின்று அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு அசைவு தெரிந்தால் பாட்டையே நிறுத்திவிடுவார்கள் என்று மெத்தைக்கடைக்காரருக்குப் பயம். அவளுக்காகத்தான் அசையாமல் இருந்தார், பாவம். அவளுக்கு அது எப்படித் தெரியும்?

அவள் குரல் ஒரு வரியின் நடுவில் தேய்ந்து நின்றது. அடுத்த வரி வரவில்லை.

வயலின்காரர் கொஞ்ச நேரம் சமாளித்துப் பார்த்துவிட்டு வில்லை இறக்கினார். சபையில் ஒருவரும் நெளியவில்லை. ஒத்திகை அவ்வளவு கச்சிதம். அவள் முன்வரிசையிலிருந்து கடைசித் தூண் வரைக்கும் ஒரு முறை பார்த்தாள். பிறகு, பக்கத்து வீட்டில் ஏதோ கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்:

"இங்க உயிரோட யாராவது இருக்கீங்களா?"

ராஜினாமாக்காரரின் பிரதிநிதி இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்துவார். எல்லாக் கண்ணிலும் ஒரு சின்ன அசைவு வந்ததாம். பிறகு ஒவ்வொருவரும் தன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்களாம். கை தூக்கினால் நாற்காலி போய்விடும். எத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த நாற்காலி!

மூன்றாம் வரிசையில் ஒரு கை எழுந்தது.

"நான் இருக்கேன்," என்றார் மெத்தைக்கடைக்காரர். சொல்லிவிட்டுத் தலையையும் ஆட்டினார், அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து.

"காலமானவர் கை தூக்கக்கூடாது!" என்று தலைவர் மேடையிலிருந்தே எழுந்தார். செயலாளர் மெத்தைக்கடைக்காரரின் சட்டையிலிருந்து டாக்டரின் பெயர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவரை நடை வழியாக வெளியே தள்ளினார். டீச்சர் மேடையை விட்டு இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களின் நடுவே நடந்து, கணவர் பின்னாலேயே போனாள். வயலின்காரரும் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். சபையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காலி மேடையைப் பார்த்தபடி, குறித்திருந்த நேரம் முடியும் வரை அப்படியே அமர்ந்திருந்தார்கள்.

முடிவில் இயக்குநர் பேசினார். "பல ஊர்ல பல சபைய பாத்திருக்கேன். கலைஞர் போனதுக்கு அப்புறமும் கலையாத சபைய இங்கதான் பாக்கறேன். இந்த ஒழுக்கத்த நாடு முழுக்கக் கொண்டு போகணும்னு நான் சிபாரிசு பண்ணப் போறேன்."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெருவுக்கு எதிர்ப்புறம் மெத்தைக்கடை திறந்திருந்தது. டீச்சர் ஒரு மெத்தை மேல் உட்கார்ந்திருந்தாள். மெத்தைக்கடைக்காரர் எதிரே நின்று, ஒத்திகை, கழுத்து, செயலாளர் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நான் பாட்டு நல்லா இல்லைன்னு நெனச்சேன்," என்றாள்.

"எனக்குப் பாட்டு நல்லா இருக்கா இல்லையான்னு என்னிக்குத் தெரிஞ்சது?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு நின்றுபோன வரியை எடுத்தாள். அவர் தலையாட்ட, அடுத்த வரி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. வயலின்காரர் பெட்டியைத் திறந்தார். வாசலில் நின்ற பல் டாக்டர் கூச்சத்தோடு உள்ளே வந்து, விற்பனைக்கு வைத்திருந்த கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வரலாற்றை மீறித் தலையாட்டினார். தலை நிற்காது என்று அவர் சொன்னது உண்மைதான்.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் டீச்சர் கீழே கடையிலேயே பாட ஆரம்பித்தாள். தெருவில் போகிறவர்கள் வந்து மெத்தைமேல் உட்கார்ந்து கேட்டார்கள், இருமினார்கள், வீட்டு வாடகை பேசினார்கள், பாதியில் எழுந்தும் போனார்கள்.

அடுத்த விழாவுக்கு முந்தின கமிட்டிக் கூட்டத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. போன வருஷக் கச்சேரி நடுவில் நின்றதை வரலாற்றில் எப்படி எழுதுவது? பாடகி கேள்வி கேட்டார் என்று எழுதினால் பதிலையும் எழுத வேண்டும். தலைவர் நெடுநேரம் யோசித்து அளந்து பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். 'கச்சேரியின் நடுவே இயற்கை எய்தினார்' என்று எழுதினார். 'துயரம் தாளாமல் கணவரும் உடன் சென்றார்' என்றும் சேர்த்துக்கொண்டார். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால், முன்பே எழுதி வைத்திருந்த இரண்டு நாற்காலிகளையும் சேர்ந்தாற்போல ஒதுக்கினார்கள். "சொன்னேன்ல, உபயோகப்படும்னு," என்றார் செயலாளர்.

இரங்கல் தீர்மானம் வாசிக்கப்பட்டது. கமிட்டி முழுவதும் எழுந்து, தலை குனிந்து, மறைந்த பாடகிக்காக மௌனம் அனுசரித்தது. அந்த நேரம் பார்த்து எதிர்க் கடையிலிருந்து டீச்சர் பாடுவது கேட்டது. தலைவர் முகம் சுளித்து, கண்ணைத் திறக்காமலேயே செயலாளருக்குச் சைகை காட்டினார். செயலாளர் நுனிக்காலில் நடந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார்.